பூனைக்கு ஏன் ரிட்டர்ன் டிக்கெட்?

2020 பிப்ரவரியில் பேப்பரில் வந்த செய்தி, ஞாபகம் இருக்கிறதா? சீனாவிலிருந்து பொம்மை ஏற்றி வந்த கண்டெய்னரைச் சென்னைத் துறைமுகத்தில் திறந்தால், பொம்மைகளுக்கு நடுவே ஒரு நிஜப் பூனை. உயிரோடு! உடனே கூண்டில் அடைத்தார்கள். "கொரோனா ஊரிலிருந்து வந்தது, பேப்பர் எதுவும் இல்லை, திருப்பி அனுப்பு" என்றார்கள் அதிகாரிகள். கூடாது என்றது பீட்டா. ஜல்லிக்கட்டுக் கோபம் இன்னும் ஆறாத ஊரில் பீட்டா என்ன சொன்னாலும் எடுபடாது. ஆனால் சொன்னது யார் என்பதை விட்டுவிட்டு, சொன்னது சரியா என்று பார்ப்போமே.

சட்டம் சட்டம்தான், ஒப்புக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர் நாயோ பூனையோ கொண்டுவர வேண்டுமென்றால் தடுப்பூசி, உடல்நலச் சான்றிதழ், முன் அனுமதி எல்லாம் வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்த விதி, ஓனர் இருக்கிற பிராணிக்காக எழுதியது. கண்டெய்னருக்குள் தெரியாமல் மாட்டிக்கொண்ட பூனை எந்த கவுண்டரில் போய் ஃபார்ம் நிரப்பும்?

இன்னொரு வேடிக்கை. பிராணி விஷயத்தில் உலகம் பயப்படுவது நம்மைப் பார்த்துத்தான். காரணம் வெறிநாய்க்கடி. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு நாயையோ பூனையோ கொண்டுபோக மைக்ரோசிப் வைத்து, ஊசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, அதற்கு மேல் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவோ இந்தியாவிலிருந்து நேரடியாக ஏற்பதே இல்லை. நடுவில் வேறொரு நாட்டில் போய் இருந்துவிட்டு வரச் சொல்கிறது. எல்லாம் கெடுபிடிதான். ஆனால் அதிலும் ஒரு வழி இருக்கிறது: பரிசோதி, காத்திரு, பிறகு உள்ளே விடு. குவாரண்டைன் என்பதே அதற்குத்தானே?

சைமன் என்று ஒரு கப்பல் பூனை. 1949-ல் யாங்சி ஆற்றில் குண்டடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலில் காயத்தோடு எலி பிடித்தது. பிராணிகளுக்கான வீரப் பதக்கம் வாங்கிய ஒரே பூனை அதுதான். அதையும் பிரிட்டன் குவாரண்டைனில்தான் வைத்தது. பாவம், அங்கேயே செத்தும் போனது. கறாரான பிரிட்டன்கூட ஹாங்காங்குக்குத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை.

"நோய் பரவினால் யார் பொறுப்பு?" என்பது நல்ல கேள்வி. பரவும் என்று பயந்தால், அந்தப் பூனையை மறுபடி கப்பலில் ஏற்றி மாலுமிகளோடு அனுப்புவது எந்த ஊர் பாதுகாப்பு? வீட்டுப் பூனையால் கொரோனா பரவுகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று அப்போதே சொன்னார்கள். பூனைக்கும் அது தொற்றும், பெரும்பாலும் மனிதனிடமிருந்துதான் என்பது பின்னால் தெரிந்தது.

"வடசென்னையில் மனுஷனுக்கே ஆயிரம் பிரச்னை, இதில் பூனையா?" என்பார்கள். சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலி கிடங்கில் 5 வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடித்த பிறகுதான் ஐதராபாத்துக்கு லாரி கிளம்பியது. சுற்றிலும் ஜனங்கள் குடியிருக்கிற இடத்தில் வெடிமருந்துக்கு 5 வருஷம் இடம் உண்டு. நாலு கிலோ பூனைக்கு ஒரு மாசம் இடம் கிடையாதா? மனுஷன் மேல் அக்கறை இருக்கிற நிர்வாகம் பயப்பட வேண்டியது எதைப் பார்த்து?

கடைசியில் பூனை சீனா போகவில்லை, விடுவித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ஊர் கூடிச் சத்தம் போட வேண்டியிருந்தது. 2022-ல் உக்ரைனிலிருந்து மாணவர்கள் நாய், பூனையோடு தப்பி வந்தபோதும் கூச்சலுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஒருமுறைச் சலுகை தந்தது. சத்தம் போட ஆள் இல்லாத பிராணி என்ன செய்யும்?

தேவை சலுகை இல்லை, விதி. ஓனர் இல்லாமல் துறைமுகத்தில் இறங்கும் பிராணியைத் தனியே வை, பரிசோதி, ஊசி போடு, வளர்க்க ஆள் தேடு. நாலே வரி. எழுத எத்தனை வருஷம் வேண்டும்?