சக்கரத்தை எண்ணு

பாறசாலைக்குத் தண்டவாளம் வந்தது 1979-ல். அதற்கு முன்னால் ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறித் திருவனந்தபுரத்துத் தம்பானூருக்குப் போக வேண்டும். கொல்லத்திலிருந்து வந்த மீட்டர்கேஜ் பாதை 1931 முதல் அங்கேதான் முடிந்தது. எல்லைப்புறக் கிராமங்களுக்கு அதுவே ரயிலின் கடைசி வாசல். ஏழு வயதில் என்னை அங்கே கூட்டிப்போன மாமா, கரி எஞ்சினைக் கண்டு நான் பின்வாங்கியபோது தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: “பயப்படாத மக்களே, சக்கரத்தை எண்ணு.”

எண்ணினேன். முன்னால் இரண்டு சின்னது, நடுவில் மூன்று பெரியது, பின்னால் ஒன்று. “அந்தப் பக்கமும் அப்படியே. நாலு, ஆறு, ரெண்டு. ஒய்.பி.யாக்கும்.”

நான் கற்ற முதல் இலக்கணம் அது. ஒய் என்றால் மீட்டர்கேஜ், டபிள்யூ என்றால் அகலப்பாதை. அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும்: பி பயணிகளுக்கு, ஜி சரக்குக்கு. ஒய்.பி., ஒய்.ஜி. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர், ஓட்டத்துக்கு. ஒய்.ஜி.க்கு 1219, இழுவைக்கு. அதனால்தான் ஒய்.ஜி.க்கு ஓட்டும் சக்கரம் ஆறு போதாமல் எட்டு.

லேத் பட்டறையை மூடிய பிறகு மாமா நெய்யாற்றின்கரை வீட்டின் பின்னறையில் பித்தளைத் தகட்டில் ஒரு ஒய்.பி. செய்ய ஆரம்பித்தார். எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. உலகமெங்கும் மாதிரி ரயில்காரர்கள் அதிகம் கையாளும் அளவு இது. இதில் நம்முடைய அகலப்பாதைக்கு ஒரு சங்கடம் உண்டு. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்காகப் பொருந்தும். நம்முடையதோ 1676. சுருக்கினால் பத்தொன்பதுக்கு மேல் வர வேண்டும். ஆகவே குண்டு மூக்கு டபிள்யூ.பி.யை அதில் நிறுத்தினால், தடித்த உடம்புக்குக் கால் ஒடுங்கினாற்போல் எனக்குத் தெரியும். மீட்டர்கேஜுக்கு அதிர்ஷ்டம். கணக்குப்படி பதினொன்றரை; கிடைப்பது பன்னிரண்டு. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ் என்பதால் அந்த மலை ரயிலை மாதிரியாகச் செய்பவர்களுக்கென்று விற்கும் தண்டவாளம் இது. ஆல்ப்ஸுக்காகச் செய்த பாதையில் தம்பானூர் எஞ்சின் நிற்கிறது.

இந்த மாதிரி ரயில்காரர்கள் ஏன் வகை, வகை என்று உயிரை விடுகிறார்கள்? மாமாவின் மேசையருகே உட்கார்ந்துதான் எனக்குப் பிடிபட்டது. இந்தியப் பாதைகளுக்கு வந்த ஒய்.பி.க்கள் 871. அமெரிக்காவின் பால்ட்வின் செய்தவையும் நம் டெல்கோ செய்தவையும் அதில் அடக்கம். ஒரே வரைபடம் அத்தனைக்கும் ஆதாரம். வகை இல்லாவிட்டால் கை எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஆனால் யாரும் 871-ஐயும் செய்வதில்லை. ஷெட்டுக்கு ஷெட் பெயின்ட் மாறும், டெண்டரின் பக்கவாட்டில் எழுத்து மாறும். கடைசியில் தனக்கென்று ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாமா தேர்ந்தெடுத்தது அன்று தம்பானூரில் நின்ற எஞ்சின். எண்ணை அப்போதே தீப்பெட்டி அட்டையில் குறித்துவைத்திருந்தாராம். எனக்குத் தெரியாது.

1976-ல் கொல்லம் பாதை அகலப்பாதையானது, அந்த எஞ்சின்களுக்கு அங்கே வேலை முடிந்தது. எங்கள் ஊருக்கு ரயில் வர மூன்று ஆண்டு பாக்கியிருந்தபோதே எங்கள் ரயில் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிறு ஒய்.பி. முடிந்தது. பெரிய சக்கரத்தை அளவுகோலில் வைத்துக் காட்டினார்: 15.8 மில்லிமீட்டர். பக்கத்துத் தட்டில் புதிதாக வெட்டிய பித்தளை வட்டுகள் கிடந்தன. அதற்கு 14. இரண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை.

“அது ஒய்.ஜி.க்கு,” என்றார். “இன்னும் எட்டு கடையணும், மக்களே. லைட்டைக் கொஞ்சம் இங்க திருப்பு.”