பிரதி எடுத்த பின் பழுது பார்ப்போம்

பூனாகலையிலிருந்து ஒரு மாணவி நமக்கு எழுதியிருக்கின்றார். தோட்டத்து முதியவர்கள் சொன்ன வரலாறுகளையும் பழைய புகைப்படங்களையும் திரட்டி, மூன்று மாதம் உழைத்து ஓர் இணையத்தளம் அமைத்தாராம். வீட்டுக் கணினியிலுள்ள கோப்புகளைத் தொலைவிலுள்ள சேவையகத்துக் கோப்புகளோடு ஒத்திசைக்கத் தொடங்கினால், தளம் அமைக்கும் மென்பொருள் திடீரென மூடிக்கொள்கின்றதாம். "எத்தனை முறை முயன்றும் பயனில்லை, உழைப்பெல்லாம் வீணாகிவிடுமோ?" என்று கேட்கின்றார்.

முதலில், இனியும் முயல வேண்டாம் என்போம். தளக் கோப்புகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வைத்த பிறகே பழுது பார்க்க வேண்டும். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒத்திசைவு என்பது இரு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும் ஏவலாள். சேர்க்கச் சொன்னால் சேர்ப்பான், அழிக்கச் சொன்னால் தயங்காமல் அழிப்பான்.

இனி நோயின் காரணத்தைப் பார்ப்போம். இவ்வகை மென்பொருள்களுள் பேர்பெற்றது ட்ரீம்வீவர். 1997 இல் மக்ரோமீடியா வெளியிட்ட இது, 2005 இல் அடோபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது என்பதை இது தனக்கென ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் அந்தக் குறிப்பேடு சிதையக்கூடும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிதைந்த ஏட்டைப் படிக்க முயலும் மென்பொருள் தடுமாறி விழுகின்றது.

விண்டோஸ் கணினியில், பயனரின் அமைப்புக் கோப்புறைக்குள் 'வின்ஃபைல்கேஷ்' என்று தொடங்கும் பெயரோடு அக்குறிப்பேடு இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு அதனை நீக்கினால், மறுமுறை திறக்கும்போது புதியது தானே உண்டாகும். நம் பக்கங்களுக்கு இதனால் சேதம் இல்லை.

அதன் பின்னும் விழுந்தால், குற்றம் ஒரே கோப்பில் இருக்கலாம். கோப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்து அனுப்பிப் பாருங்கள். எந்தப் பாதியில் விழுகின்றதோ அதனை மேலும் இரண்டாக்குங்கள். பழைய பதிப்புகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு: கோப்பின் அளவு சரியாக 8,192 பைட் அல்லது அதன் மடங்காக அமைந்துவிட்டால் மென்பொருள் விழுந்துவிடும். ஓரிரு வெற்றிடங்களைச் சேர்த்து அளவை மாற்றுவதே மருந்து!

மென்பொருள் சரியான பிறகும் ஓர் எச்சரிக்கை. எது புதிய கோப்பு என்பதை ஒத்திசைவு நேரத்தைக் கொண்டே தீர்மானிக்கின்றது. கணினியின் கடிகாரம் பிசகினால் பழையது புதியதன் மேல் ஏறிவிடலாம். நம் நாட்டின் நேரமே 1996 இல் இருமுறையும் 2006 ஏப்ரலில் ஒருமுறையும் மாற்றப்பட்டதல்லவா? ஆகவே திகதியையும் நேரத்தையும் சரிபார்த்து, எவை போகும், எவை வரும், எவை அழியும் என்று மென்பொருள் காட்டும் பட்டியலை வரிவரியாகப் படித்த பின்னரே சம்மதம் தாருங்கள். அவசரமானால், ஃபைல்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் கோப்புகளைத் தனித்தனியே ஏற்றிவிடலாம்.

அந்த மாணவிக்கு இறுதியாக ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையிலேயே மண் சரிந்தது. முதியவர்களின் குரலும் முகமும் ஒரே கணினியில் மட்டும் இருத்தல் தகாது. ஒரு பிரதி உங்கள் வீட்டிலும், மற்றொன்று வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். மென்பொருளை நாளையும் திருத்தலாம். அந்த முதியவர்களை மறுபடி கேட்க நாளை வாய்க்குமோ, யார் அறிவார்?