படத்தில் புள்ளி விழுந்தால் என்ன?

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு பூநாரையைத் தேடிச் செல்வோர், சேற்றில் இரை பொறுக்கும் கொசு உள்ளானையும் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள இச்சிறு பறவை, ஆர்க்டிக் பகுதியிலிருந்து நமது களப்புக்கு வருகிறது.

விடியற்காலை மங்கலில் தெளிவான படம் வேண்டிப் பலர் அதனை நெருங்குகின்றனர். அது எழுந்து பறக்கிறது; நெடும் பயணத்துக்குச் சேமிக்கும் கொழுப்பு கரைகிறது. மிரர்லெஸ் கமராவைச் சத்தமின்றி இயக்கலாம். தூரத்தில் அமர்ந்து, ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்துவதே முறை என்பேன்.

படத்தில் புள்ளிகள் தெரியும். தெரியட்டும். நான் பணியாற்றிய பத்திரிகைகளில் அச்சான படங்கள் யாவும் புள்ளிகளால் ஆனவையே. வாசகர் அவற்றில் செய்தியைத்தான் கண்டனர். பறவையின் உணவைப் பறித்துப் பெறும் தெளிவு நமக்கு வேண்டியதில்லை.