குழம்பில் கலக்காதீர்கள்

கமுதி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் போன வாரம் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். கடைப் பையன் சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. ஓர் அட்டையைக் காகிதத்தில் சுருட்டி நீட்டினான். "பொடிச்சுக் குழம்புல கலந்துருங்கக்கா. மணமும் வராது, ருசியும் தெரியாது. அண்ணன் தானா விட்டுருவாரு." இது ஆபத்து என்று நான் குறுக்கிட்டதும், பக்கத்தில் நின்ற பெரியவர் சீறினார்: "குடிச்சுச் சாகுறதைவிடவா ஆபத்து?"

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. கரிமூட்டத்தில் வெந்து சம்பாதித்த கூலி வீடு வந்து சேராத வேதனையை இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபமெல்லாம், தெரியாமல் கொடுத்தால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கையின் மேல். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்று சுவர் சுவராக எழுதி, அந்த நம்பிக்கையை விற்றுப் பிழைப்பவர்கள் மேல்.

அப்படிக் கலக்கப்படும் மருந்துகளில் முதன்மையானது டைசல்ஃபிராம். டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் குடற்புழு மருந்தாகச் சோதித்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தவர்கள், மது அருந்தியதும் சுருண்டுபோனார்கள். 1948-ல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். உள்ளே போன சாராயத்தை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும், பிறகு அந்த நச்சையும் உடைத்துவிடும். இந்த இரண்டாவது வேலையை டைசல்ஃபிராம் நிறுத்திவிடுகிறது. நச்சு தேங்குகிறது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்குகிறது. குடித்தால் இப்படி ஆகும் என்ற பயம்தான் இதில் மருந்து. அந்தப் பயம் வர, மாத்திரை சாப்பிட்டிருக்கிறோம் என்பது சாப்பிட்டவனுக்குத் தெரிய வேண்டாமா?

தெரியாதவன் என்ன செய்வான்? கடையில் கொடுத்த சரக்கு சரியில்லை என்பான். மறுநாள் வேறு சரக்கு வாங்குவான். அதற்கும் வாந்தி எடுத்தால் பித்தம் என்பான், செய்வினை என்பான். குழம்பில் இருந்த மாத்திரையைப் பற்றி அவன் நினைக்க வழியே இல்லை. உடம்பு படும் பாட்டுக்குக் காரணம் தெரியாதவன் எதை விட்டுத் தொலைப்பான்?

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. கையில் இருப்பது மருந்தா வெறும் மாவு மாத்திரையா என்று தெரியாமல் சாப்பிட்டவர்களிடம் டைசல்ஃபிராம் தனிப் பலன் எதையும் காட்டவில்லை. மருந்து என்று தெரிந்து, வீட்டார் கண்ணெதிரே சாப்பிட்டவர்களிடம்தான் காட்டியது. ஊரே ஒளித்துக் கொடுக்கத் துடிக்கும் அதே மாத்திரை, ஒளித்துக் கொடுத்தால் வேலை செய்யாது! இதைவிடப் பெரிய பதில் அந்தப் பெரியவருக்கு என்ன வேண்டும்?

பலன் இல்லை என்பதோடு போகவில்லை. டைசல்ஃபிராம் சாப்பிட, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இதயம் பழுதானவர்களுக்குக் கூடாது, ஈரல் கெட்டவர்களுக்கு ஆகாது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் கூடவே சேர்ந்தால் புத்தி தடுமாறலாம். சாராயம் கலந்த இருமல் மருந்தே வினையாகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த அபாயம் உடம்பில் இருக்கும். போதையில் இருப்பவருக்கும், முழு விவரம் அறியாதவருக்கும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அந்த மருந்துக் குறிப்பிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கிறார்கள். கமுதியில் அதைக் குழம்பில் போடுகிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் டாக்டர் கேட்டால், என்ன சாப்பிட்டேன் என்று அவனால் சொல்லவும் முடியாது.

ஒளிக்கத் தேவையே இல்லாத மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், குடித்தவனை வாந்தி எடுக்க வைத்துத் தண்டிக்காது. குடிக்கும்போது மூளைக்குக் கிடைக்கும் சுகத்தைக் குறைத்து, இன்னொன்று வேண்டும் என்ற வெறியைத் தணிக்கும். குடிக்கு ஒரு மணி நேரம் முன்பு இதைப் போட்டுக்கொண்டு அளவைக் குறைத்துக்கொண்டே வரும் முறையை, ஃபின்லாந்தில் ஆய்வு செய்த டேவிட் சின்க்ளேர் வளர்த்தெடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நால்ட்ரெக்சோனையும், குடிநோய்க்கான இன்னொரு மருந்தான அகாம்ப்ரோசேட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இவற்றுக்கும் டாக்டர் வேண்டும், ஈரல் பரிசோதனை வேண்டும். வலிக்கு டிரமடால் சாப்பிடுகிறவர் நால்ட்ரெக்சோனைத் தொடக் கூடாது. மாத்திரை போட்டதால் போதை ஏறாது என்று நினைத்து வண்டியை எடுக்கவும் கூடாது. இத்தனையையும் யாரிடம் சொல்வது? குடிக்கிறவனிடம்தான். அவனை விட்டுவிட்டு வைத்தியம் ஏது?

"ரோஷமிருந்தா இன்னைக்கே நிறுத்துவான்" என்று மார்தட்டும் கூட்டமும் இருக்கிறது. தினமும் மொடாக்குடி குடித்தவன் மாலை போட்ட அன்றே ஒரு சொட்டும் இல்லாமல் நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைப் பார்த்துப் பிதற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அதைச் சாமி குத்தம் என்று பேசுகிறார்கள். அது மூளை படும் பாடு, ஆஸ்பத்திரியில் வைத்துக் கடக்க வேண்டிய கட்டம்.

நோயாளியைக் கேட்காமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கா யாராவது சொல்ல வேண்டும்? 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அங்கேயும் எல்லாம் அவர்கள் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடியால் வரும் மனநலப் பாதிப்புகளையும் தனக்குள் சேர்த்து, விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்கு என்கிறது. நம் வீட்டு அடுப்படிக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை.

அரசுக்கும் ஒரு கேள்வி. டாஸ்மாக் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்க்கிறது. கடை எங்கே இருக்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடியைக் குறைக்க மாத்திரை இருக்கிறது என்பது பட்டம் படித்தவருக்கும் தெரியவில்லை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-லேயே சென்னையில் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை மையம் தொடங்கினார். நாற்பது வருடம் தாண்டியும் கமுதிப் பெண்ணுக்கு வழிகாட்ட ஒரு மருந்துக்கடைப் பையன்தான் இருக்கிறான் என்றால் அது யார் குற்றம்?

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மனநல மருத்துவர் கிடைக்கும் நாளையும் நேரத்தையும் ஒவ்வொரு டாஸ்மாக் கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிப்போடட்டும். சீட்டு இல்லாமல் அந்த அட்டையை விற்கும் கடைகளில் மருந்து ஆய்வாளர் சோதனை போடட்டும். சுவர்களில் இருக்கும் அந்த விளம்பரங்களை ஊராட்சிகள் வெள்ளையடித்து அழிக்கட்டும். அக்கா, தங்கச்சிமாரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அவர் போதை தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, இதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் போவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். முதல் தடவை திட்டுவார். மறுபடியும் சொல்லுங்கள். குழம்பில் மட்டும் எதையும் கலக்காதீர்கள்.