சிமெண்டு வாசலுக்கு ஒரு சிங்காரம்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வரிசை வீடுகளிலே குடியிருக்கும் நம்மவர்க்கு வாசல் என்று வாய்த்திருப்பது, வீட்டுக் கதவுக்கும் இரும்புக் கேட்டுக்கும் இடையே கிடக்கும் அந்தச் சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை ஒன்றுதான். ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில், லயத்து வீடுகளின் சாணம் மெழுகிய மண் வாசலை விட்டு வந்த எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்தில் முதன்முதலாகக் காலூன்றிய தரையும் அதுவே. ஆயினும் அதன்மேல் நமக்கு வாஞ்சை பிறக்கவில்லை. காரை நிறுத்தவும் துணியை உலர்த்தவும் பயன்படும் இடம் என்பதற்கு மேலாக அதை நாம் மதிக்கவுமில்லை. கையிலே சிறிது பணம் சேர்ந்ததும் அதைப் பளபளக்கும் டைல்ஸால் மூடிவிடுவதே அழகு என்று எண்ணிவிட்டோம். இந்த எண்ணம் எனக்குச் சம்மதமன்று. வழுவழுப்பான டைல்ஸ் மழைச்சாரல் பட்ட மாத்திரத்தில் முதியோரின் காலுக்குச் சத்துருவாகிறது. அதற்குச் செலவிடும் திரவியத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டே பழைய சிமெண்டுத் தரையை மனோகரமாக்கிவிடலாம்.

முதற்காரியம் ஈரத்தைப் போக்குவது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்தப் பிரதேசத்தில், நீர் தேங்கும் பள்ளம் எதுவாயினும் அங்கே பாசி படர்வது நிச்சயம். ஆகையால் பள்ளங்களைச் சாந்திட்டு நிரப்பி, தரையின் வாட்டம் வாசற்புறக் கால்வாயை நோக்கி இருக்கும்படி செய்துகொண்டு, அதன் பின்னரே வர்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் ஒரு பரீட்சை அவசியம். ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் தரையோடு ஒட்டி, ஓர் இரவு விட்டுவைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தால், அடிப்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருக்கிறதா என்பது தெரியும். அரும்பியிருந்தால் மண்ணின் ஈரம் சிமெண்டின் வழியே ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய தரையில் எவ்வளவு உயர்ந்த வர்ணம் பூசினாலும் சில மாதங்களில் செதில் செதிலாய் உரிந்துபோகும். வர்ணமே வேண்டுமென்பவர்கள் நம் முன்னோர் கையாண்ட காவி நிறத்தை நினைத்துப் பார்க்கலாம். இரும்பின் ஆக்ஸைடிலிருந்து கிடைக்கும் அந்தச் சிவப்பு, சிமெண்டின் காரத்துக்கும் வெயிலின் உக்கிரத்துக்கும் அஞ்சாதது. காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை வார்த்து, வெயிலில் காயவைத்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் பூக்கற்களும் சிமெண்டில் பிறந்தவைதாமே! சிமெண்டு அழகுக்கு விரோதியல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

ஆனால் தரைக்கு உண்மையான சோபையைத் தருவன செடிகளே. கிள்ளான் பள்ளத்தாக்கில் தொட்டிச் செடி வாங்க நினைப்பவர்கள் சுங்கை பூலோவுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். அங்கே சாலையின் இரு மருங்கிலும் நிறைந்திருக்கும் நாற்றுப் பண்ணைகளின் பின்னால் உள்ள சரித்திரத்தை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். 1930-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்த இடம் அது. நோய் தீர்ந்த பின்னரும் உறவும் ஊரும் ஏற்கத் தயங்கியமையால் அங்கேயே தங்கிவிட்ட மக்களில் பலர், குடியிருப்பின் நிலத்தில் பூச்செடிகளை வளர்த்து விற்று ஜீவனம் நடத்தலாயினர். உலகம் தம்மை ஒதுக்கிய காலத்திலும் பிறர் வீட்டு வாசலுக்குப் பூவை அனுப்பிவைத்த அந்தக் கரங்களை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

எதை வைப்பது என்பதில் அதிக விசாரம் வேண்டாம். துளசியும் கறிவேப்பிலையும் எப்படியும் நம் வாசலுக்கு வந்துவிடும். மதிலோரத்து வெயிலுக்குக் காகிதப்பூவும், 1960-இல் இந்நாட்டின் தேசிய மலராகிய செம்பருத்தியும் மிக ஏற்றவை. நிழல் விழும் மூலைக்கு ரம்பை போதும். தொட்டிகளைச் சிப்பாய்கள்போல் வரிசையில் நிறுத்தாமல், உயரமும் குட்டையுமாக ஒரு மூலையிலே கூட்டி வைத்தால், வறண்ட தரைக்கும் ஒரு தோட்டத்தின் தோற்றம் உண்டாகிவிடும். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீரை நிற்கவிடலாகாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏறத்தாழ ஒரு வாரமே போதும். அதை வளரவிடுவது, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். தட்டிலே மணலை நிரப்பிவிட்டால் அந்தக் கவலை நீங்கும்.

செடிகளுக்கு அடுத்தபடியாக வாசலுக்கு அழகு தருவது கோலம். ஆனால் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட கோலத்தை ஒட்டிவிட்டு ஆண்டு முழுதும் அப்படியே விட்டுவைப்பதை நான் ஏற்பதில்லை. அனுதினமும் அழிந்து அனுதினமும் பிறப்பதிலேதான் கோலத்தின் ஜீவன் இருக்கிறது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மாலைதோறும் மழை வந்து மாக்கோலத்தைக் கரைத்துவிடுமானால், போர்ச்சின் கூரைக்குக் கீழே வண்ண அரிசியால் இட்டுவிடுவது நம்மவர் கண்ட நல்ல உபாயம்.

இவையெல்லாம் செய்தும் ஒருவரும் உட்காராத வாசல் வெறும் காட்சிப் பொருளே. நம் கிராமத்து வீடுகளில் திண்ணை செய்த தர்மத்தை இங்கே ஒரு நீண்ட பலகை செய்யக்கூடும். ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வருகிற தீபாவளிக்குள் காரைச் சற்று ஒதுக்கி நிறுத்தி, நால்வர் அமரத்தக்க ஒரு பலகையை வாசலிலே போட்டு, மாலையில் கேட்டைத் திறந்து வையுங்கள்; அண்டை வீட்டாரையும் அழைத்து உட்கார வையுங்கள்.