செல்போனிலும் அழுகுணி ஆட்டம்!

பிள்ளைகள் செல்போனில் விளையாடுவது நல்லதா, கெட்டதா என்ற பேச்சை நான் எடுக்கப் போவதில்லை. அது எல்லா வீட்டிலும் நடக்கிற பஞ்சாயத்து. விளையாட்டுக்குள்ளேயே ஒருத்தன் புகுந்து கலைத்தால் என்ன செய்வது? போன மே லீவில் இதனால் எங்கள் குடும்பமே இரண்டுபட்டது, தோழிகளே!

என் பிள்ளைகள் இரண்டு பேர், ராணிப்பேட்டையில் என் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், பேரணாம்பட்டில் நாத்தனார் மகன் என்று ஐந்து பேரும் சேர்ந்து 'மைன்கிராஃப்ட்' ஆடுகிறார்கள். கட்டம் கட்டமான கற்களை வெட்டி எடுத்து, அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. மாதச் சந்தா கட்டி, இவர்களுக்கென்றே தனி உலகம் ஒன்றை அண்ணன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அழைத்தவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். இருபது நாள் உட்கார்ந்து ஆம்பூர் ஸ்டேஷன், பாலாற்றுப் பாலம், புகைபோக்கியோடு ஒரு ஷூ கம்பெனி எல்லாம் கட்டினார்கள். (ஷூ கம்பெனிக்கு ஏதுடா புகைபோக்கி என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குக் கட்டிங்கில்தான் வேலை.)

ஒருநாள் காலையில் பார்த்தால் ஸ்டேஷனும் இல்லை, கம்பெனியும் இல்லை. நாத்தனார் மகன் ராத்திரியோடு ராத்திரியாக வெடி வைத்துத் தகர்த்திருக்கிறான்! என் சின்னவள் அழுத அழுகை கொஞ்சமில்லை. வீட்டுக்காரர் போன்களைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். தப்பு செய்தது ஒருத்தன், தண்டனை எல்லாருக்கும். அண்ணி நாத்தனாருக்குப் போன் போட்டு, "பிள்ளை வளர்த்திருக்கிற லட்சணமா இது?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மாமனார் திவசத்துக்கு வந்த நாத்தனார், என் கையால் ஒரு வாய் காபிகூட வாங்கவில்லை.

நாம் சின்ன வயதில் தெருவில் ஆடவில்லையா? அழுகுணி ஆட்டம் ஆடுகிறவளை வீட்டுக்கு விரட்ட மாட்டோம். விரட்டினால் அவள் அம்மா சண்டைக்கு வருவாளே! "நீ உப்புக்குச் சப்பாணி" என்போம். கூட ஓடலாம், ஆனால் கணக்கில் கிடையாது.

இந்த விளையாட்டிலும் அப்படி ஒரு வழி இருக்கிறதாம். பெரியவன்தான் காட்டினான். ஒருவனை 'விசிட்டர்' என்று மாற்றிவிட்டால் உள்ளே வந்து நடக்கலாம், பார்க்கலாம். ஒரு கல்லைக்கூட உடைக்கவோ வைக்கவோ முடியாது. பழைய ஊரின் நகலும் தானாகவே சேமிப்பில் இருந்தது. அண்ணன் அதைத் திருப்பி எடுத்துவிட்டார். முன்பே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம்!

அவனை ஒரு வாரம் விசிட்டராக வைத்தோம். நான் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் அவனிடமே கேட்டேன். நாத்தனாரும் ஷூ கம்பெனிக்குத்தான் போகிறாள். அவள் திரும்பி வந்த பிறகுதான் அவன் கைக்குப் போன் கிடைக்கும். அதற்குள் மற்ற நாலு பேரும் ஆடி முடித்திருப்பார்கள். "எனக்குன்னு ஒரு எடம்கூட விடலை அத்தை" என்றான். செய்தது தப்புதான், நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தேன். ஆட்ட நேரத்தையும் எட்டு மணிக்கு மாற்றினோம். அடுத்தவர் கட்டியதைக் கேட்காமல் தொட்டால், யாராக இருந்தாலும் ஒரு வாரம் விசிட்டர். போன வாரம் என் பெரியவனே விசிட்டராக உட்கார்ந்திருந்தான்!

இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குள். முகம் தெரியாத ஆள் மைக்கில் அசிங்கமாகப் பேசினால் சப்பாணியும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். பப்ஜி ஆடிக்கொண்டே யூடியூபில் பெண்களை ஆபாசமாகப் பேசிய புகாரில் மதன் என்பவரை 2021 ஜூனில் தர்மபுரியில் போலீசார் கைது செய்தது நினைவிருக்கும். அதைக் கேட்டு ரசித்தவர்களில் பள்ளிப் பையன்களும் உண்டு என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படிப்பட்ட ஆளை உடனே தடை செய்துவிட்டு, விளையாட்டு நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையை மிரட்டினால் 1098-க்குப் போன் செய்யலாம்.

நாத்தனார் இப்போது என்னோடு பேசுகிறாள். அண்ணியோடு இன்னும் இல்லை.

- ஒரு வாசகி, ஆம்பூர்