வேலி போட்டால் போதாது. அது பஸ்ஸைத் தாங்க வேண்டும்

மலைப்பாதையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தால் மறுநாள் காதில் விழுவது ஒரே பேச்சுத்தான்: "சாரதியின் கவனயீனம்." சாரதி தவறு செய்யலாம், பிரேக் பழுதாகலாம். அதற்காக ஏறியிருந்த அத்தனை பேரும் சாக வேண்டுமா? தவறு நடக்கும் என்று தெரிந்துதானே வீதியோரத்தில் பாதுகாப்பு வேலி போடுகிறார்கள்!

2021 மார்ச் 20இல் பசறையில் 14 பேரை இழந்தோம். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் 20க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு செப்டெம்பர் 4இல் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர். எல்லவில் வேலி இருந்தது. பஸ் அதை உடைத்துக்கொண்டு விழுந்தது. ஆகவே "வேலி போட்டாயிற்று" என்ற பதில் எமக்குப் போதாது. என்ன வேலி, எங்கே, எப்படி நட்டீர்கள் என்று கேட்போம்.

நாம் வழமையாகக் காணும் நெளிவு இரும்புத் தகட்டு வேலி கார், வான் போன்றவற்றைத் தடுப்பதற்கே பெரும்பாலும் சோதிக்கப்படுகிறது. ஆட்கள் நிறைந்த பஸ் 10 தொன்னைத் தாண்டும். தகடு வளைந்துகொடுத்துத்தான் வண்டியைத் தடுக்கும். வளைய, பின்னால் இடம் வேண்டும். தூணைப் பிடிக்க உறுதியான மண் வேண்டும். மழையில் கரைந்த விளிம்பில் நட்டால் தூணே பிடுங்கிக்கொண்டு வரும். அங்கே முதலில் தாங்குசுவர், அதன்மேல் கொங்கிரீட் அரண் என்பதே முறை. வேலியின் நுனி வண்டிகளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஈட்டியாகும். வெள்ளையடித்த கல் வழி காட்டும், பஸ்ஸை நிறுத்தாது.

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புரவுக்கு இறங்கும் பாதையைப் பாருங்கள். ஒடுங்கிய வீதி, அடுத்தடுத்து வளைவுகள், பட்டப்பகலிலும் மூடும் பனி, ஆளைத் தள்ளும் காற்று. உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வர தோட்டத்து மக்களுக்கும் லக்கல விவசாயிகளுக்கும் இந்த மலைப்பாதைகளை விட்டால் வேறு வழியில்லை.

தோட்டத்துக்குள் போகும் பாதைகளோ இன்னும் மோசம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை நிதி வராமல் நெடுங்காலம் தடுத்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. "அது தோட்டத்துப் பாதை" என்று இனி எவரும் கைகழுவ முடியாது.

நாம் கோருவது இவைதான்: பள்ளமுள்ள வளைவுகள் அனைத்தையும் பொறியியலாளர்கள் அளந்து பட்டியலை வெளியிட வேண்டும். பஸ் ஓடும் இடத்தில் பஸ்ஸைத் தாங்கும் அரண் வேண்டும். பனி மூடும் இடங்களில் ஒளி தெறிக்கும் அடையாளங்கள் வேண்டும். உடைந்த வேலியை உடனே திருத்த வேண்டும்.

தோழர்களே, தோட்டக் கமிட்டிகள் தோறும் உங்கள் பாதையை நடந்து பாருங்கள். ஆபத்தான வளைவுகளையும் ஆடும் தூண்களையும் குறித்துச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள். எழுத்தில் உள்ள கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நாம் பறிக்கும் கொழுந்தைக் கிராம் கணக்கில் நிறுக்கத் தெரிந்த நாடு இது. நாம் ஏறும் பஸ்ஸின் நிறையைக் கணக்கிட்டு ஒரு வேலி போட மட்டும் தெரியாதா?